ஜாலோ படங்களில் எந்த கட், எந்த டிஸ்க்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் 'டீப் ரெட்' படத்தைத் தேடிப் போனால் 127 நிமிடம், 122 நிமிடம், 105 நிமிடம், 101 நிமிடம் என்று நான்கு நீளங்கள் கண்ணில் படும். எண்கள் நான்கு, படம் இரண்டுதான். இது தெரியாமல் "122 நிமிஷப் பிரிண்டில் அஞ்சு நிமிஷத்தைத் தூக்கிட்டாங்க" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. 105 நிமிடப் படத்தைப் பார்த்துவிட்டு "நாயகிக்குப் படத்தில் வேலையே இல்லை" என்று விமர்சனம் எழுதுபவர்களும் உண்டு. முன்னவருக்குக் கணக்கு தப்பியது, பின்னவருக்குப் படமே தப்பியது. இரண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்கே இந்த வழிகாட்டி.

ஜாலோ (ஜியாலோ என்றும் எழுதுகிறார்கள்) 1960-களிலும் 70-களிலும் இத்தாலியில் கொடிகட்டிப் பறந்த கொலை மர்மப் பட வகை. மோண்டதோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டை போட்டு வெளியிட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து பெயர் வந்தது. கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு அது என்னவென்று நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கும் ஒரு சாட்சி. பெரும்பாலான கதைகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

இந்தப் படங்களை நாடு நாடாக விற்றார்கள். வாங்கியவர் தன் ஊருக்கு ஏற்றபடி பெயரை மாற்றினார், நீளத்தைக் குறைத்தார், சில சமயம் இசையையே மாற்றினார். ரிலீஸான மூன்றாம் நாளே "இருபது நிமிடம் டிரிம் செய்யப்பட்டது" என்று போஸ்டர் ஒட்டும் ஊரில் வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. நம் ஊரில் வெட்டியது பெரும்பாலும் காணாமலே போனது. ஜாலோவில் வெட்டியதும் வெட்டாததும் இரண்டுமே டிஸ்க்கில் கிடைக்கின்றன. தலைவலியும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 1: கட் வேறு, டிரான்ஸ்ஃபர் வேறு, டிஸ்க் வேறு

"இந்தப் பிரிண்ட் நல்லா இருக்கா?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கட் என்பது எந்தெந்தக் காட்சிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது. டிரான்ஸ்ஃபர் என்பது எந்த ஃபிலிமை எப்போது ஸ்கேன் செய்தார்கள், நிறத்தை எப்படித் திருத்தினார்கள் என்பது. டிஸ்க் என்பது அதை எவ்வளவு அழுத்திச் சுருக்கினார்கள், எந்த ஒலித்தடங்களும் சப்டைட்டில்களும் வைத்தார்கள் என்பது. அருமையான 4கே ஸ்கேனில் வெட்டப்பட்ட படம் வரலாம். முழுப் படம் பழைய மங்கலான மாஸ்டரில் (டிஸ்க்குக்கு மூலமாக வைக்கும் பிரதியில்) வரலாம். ஒரே கட், ஒரே ஸ்கேன், ஆனால் ஒரு நிறுவனத்தின் டிஸ்க்கில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தும் வரலாம். ஒப்பிடும்போது மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது.

படி 2: நிமிடக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான 'பால்' விநாடிக்கு 25. ஐரோப்பிய விஎச்எஸ் கேசட், டிவிடி தயாரித்தவர்கள் பொதுவாகப் படத்தை 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டியே பதிந்தார்கள். அதனால் படம் சுமார் 4 சதவீதம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு ஃபிரேமும் குறையாது.

கணக்கு எளிது: சினிமா நீளத்தை 0.96-ஆல் பெருக்கினால் பால் நீளம். 127 நிமிட 'டீப் ரெட்' 122 ஆகிறது. வெளிநாடுகளுக்கு விற்ற 105 நிமிட ஏற்றுமதி கட் 101 ஆகிறது. முதல் பத்தியில் சொன்ன நான்கு எண்களும் இப்படி இரண்டாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் வசமாக மாட்டுவது அர்ஜெந்தோவின் 'ஃபினாமினா' (1985) படத்தில். அதற்கு மூன்று கட்: 116 நிமிட இத்தாலிய முழு வடிவம், 110 நிமிட சர்வதேச வடிவம், அமெரிக்காவில் 'கிரீப்பர்ஸ்' என்ற பெயரில் வந்த 83 நிமிட வடிவம். 116-ஐ 0.96-ஆல் பெருக்குங்கள், 111 வரும். அதாவது பால் டிவிடியில் முழுப் படம் ஏறக்குறைய சர்வதேச கட்டின் நீளத்தில் வந்து நிற்கும். அட்டையில் '111 நிமிடம்' என்று இருப்பதைப் பார்த்து எந்த கட் என்று யாராலும் சொல்ல முடியாது. மீடியாஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் வேகம் 25-ஆ, 23.976-ஆ (கிட்டத்தட்ட சினிமாவின் 24) என்று பார்த்தால்தான் தெரியும்.

அட்டையில் அச்சிட்ட நீளத்தை நம்பவே வேண்டாம். பழைய விளம்பரத் தாளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். பிளேயரில் பார்க்கும் நீளத்திலும் ஆரம்பத்தில் வரும் நிறுவன லோகோ, "இந்தப் படம் இன்ன ஆண்டு மீட்டெடுக்கப்பட்டது" என்ற அறிவிப்பு, கடைசியில் ஓடும் கறுப்புத் திரை எல்லாம் சேர்ந்திருக்கும். படத்தின் முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை அளந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு: இத்தாலியத் தணிக்கைச் சான்றிதழ்களில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 'இத்தாலியா தால்யா' என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 2,740 மீட்டர் என்று இருந்தால் 100 நிமிடப் படம். ஓர் இயக்குநர் முப்பது ஆண்டு கழித்துப் பேட்டியில் சொல்லும் நீளத்தைவிட இந்த மீட்டர் கணக்கை நான் அதிகம் நம்புவேன்.

படி 3: அடையாளக் காட்சிகளை வைத்துக் கட்டைக் கண்டுபிடியுங்கள்

மொத்த நீளம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். எங்கே வெட்டினார்கள் என்பதைக் காட்சிகள்தான் சொல்லும்.

படத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கதவு திறப்பது, ஒரு கார் நிற்பது, ஒரு ஷாட் சட்டென்று மாறுவது என்று துல்லியமாகச் சுட்டக்கூடிய நொடிகளாக இருக்கட்டும். "அவர் சோகமாக நடக்கிறார்" என்பது போன்றவை உதவாது. எக்செல் தாளில் ஒவ்வொரு நொடிக்கும் முதல் டிஸ்க்கின் நேரம், இரண்டாவது டிஸ்க்கின் நேரம், வித்தியாசம் என்று மூன்று பத்தி போடுங்கள்.

வித்தியாசப் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் விஷயம் தெரிந்துவிடும். 30-ஆவது நிமிடத்தில் 1 நிமிடம் 12 விநாடி, 60-ஆவது நிமிடத்தில் 2 நிமிடம் 24 விநாடி, 90-ஆவது நிமிடத்தில் 3 நிமிடம் 36 விநாடி என்று சீராக வளர்ந்தால் அது பால் வேகம். வெட்டு இல்லை. இரண்டு அடையாளங்களுக்கு நடுவே வித்தியாசம் சட்டென்று தாவினால் வெட்டு அங்கேதான். அந்த இடைவெளியில் மட்டும் இன்னும் இரண்டு மூன்று அடையாளங்களைப் போட்டு நெருக்கினால் வெட்டிய ஷாட்டுக்கே போய்விடலாம். முழுப் படத்தையும் இரண்டு திரைகளில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பொறுமைசாலிகள். தேவையில்லை.

'டீப் ரெட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1975 மார்ச்சில் இத்தாலியில் வெளியானது. பெரும்பகுதி டூரின் நகரத்தில் எடுத்தது. டேவிட் ஹெம்மிங்ஸ் மார்க்கஸ் என்ற ஆங்கிலேய பியானோக் கலைஞர். தாரியா நிக்கொலோதி ஜான்னா என்ற பத்திரிகை நிருபர். டைட்டில் ஓடும்போதே நடுவில் நிறுத்தி, கிறிஸ்துமஸ் மரம், குழந்தைப் பாட்டு, சுவரில் நிழல், தரையில் விழும் கத்தி, அதன் பக்கம் வந்து நிற்கும் ஒரு குழந்தையின் கால்கள் என்று ஒரு சின்னக் காட்சி வரும். முதல் அடையாளமாக இதை வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஜாஸ் ஒத்திகை, மனத்தைப் படிக்கும் பெண் மேடையில் அலறுவது, இரவு நேரச் சதுக்கம். சதுக்கத்தை ஒட்டிய மதுக்கடையை எட்வர்ட் ஹாப்பரின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள்.

போகப் போக இரண்டு கட்டும் விலகும். ஏற்றுமதி கட்டில் போன சுமார் 22 நிமிடங்களில் பெரும்பங்கு மார்க்கஸும் ஜான்னாவும் சீண்டிக்கொள்ளும் காட்சிகள்தான். நகைச்சுவையும் காதலும் போயின. கதையில் வரும் ஒரு சிதிலமான வீட்டைப் பற்றிய துப்பறிதலிலும் ஒரு பகுதி போனது. அமெரிக்க வடிவத்தில் கொலைக் காட்சிகளின் கோரமும் குறைந்தது. படத்தின் கடைசி ஷாட்டும் ஒரு நல்ல அடையாளம்: முழு வடிவத்தில் ரத்தக் குட்டையில் தெரியும் முகம் அசைந்துகொண்டிருக்க, அதன் மேலேயே எழுத்துகள் ஓடும். அமெரிக்க வடிவத்தில் அந்தப் பிம்பம் உறைந்து நின்றுவிடும். டிஸ்க்கைப் போட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்தாலே கையில் இருப்பது எது என்று பாதி தெரிந்துவிடும்.

வெட்டியவர்கள் "கொலைப் படத்தில் எதற்குக் காமெடி" என்று நினைத்திருப்பார்கள் போல. எனக்கு அந்த 22 நிமிடம் இல்லாத 'டீப் ரெட்' பாதிப் படம். பெண்கள் மென்மையானவர்கள் என்று வாதாடும் மார்க்கஸை ஜான்னா கைமல்யுத்தத்துக்கு இழுத்து வீழ்த்துவாள். அவளுடைய குட்டி ஃபியட் காரின் இருக்கை உள்ளே அமிழ்ந்து, கண்ணாடிக்கு வெளியே அவன் தலை மட்டும் தெரியும். இதையெல்லாம் பார்த்துச் சிரித்த பிறகுதான் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் நமக்கு வரும்.

படி 4: ஒலித்தடம் எங்கே மொழி மாறுகிறது?

அந்தக் கால இத்தாலியப் படங்கள் பொதுவாகப் படப்பிடிப்பு ஒலியைப் பயன்படுத்தவில்லை. நம் படங்களும் பல பத்தாண்டுகள் டப்பிங் தியேட்டரில்தான் வாய் திறந்தன என்பதால் இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே காட்சியில் ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் இத்தாலியத்திலும் பேசி நடித்திருப்பார்கள். பிறகு இரண்டு மொழியிலும் குரல் கொடுத்தார்கள். ஆகவே "ஒரிஜினல் மொழி எது" என்று அடித்துக்கொள்வதில் பெரிய பொருள் இல்லை. ஹெம்மிங்ஸ் உதட்டுக்கு ஆங்கிலம் பொருந்தும். நிக்கொலோதி உதட்டுக்கு இத்தாலியம் பொருந்தும்.

ஆனால் ஒப்பிடுபவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஏற்றுமதிக்கு வெட்டப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடைப்பதில்லை. அதனால் முழு வடிவத்தை ஆங்கிலத் தடத்தில் ஓட்டினால் அந்த இடங்களில் பாத்திரங்கள் திடீரென்று இத்தாலியத்துக்குத் தாவி, கீழே சப்டைட்டில் வரும். ஆங்கர் பே 2000-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டீப் ரெட்' டிவிடியில் பலர் முதல்முறை இதைப் பார்த்து டிஸ்க் கெட்டுப்போனது என்று நினைத்தார்கள். உண்மையில் அது வெட்டு விழுந்த இடங்களைக் காட்டும் வரைபடம். முழுப் படத்தை ஆங்கிலத் தடத்தில் வேகமாக ஓட்டி, மொழி மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டால் படி 3-இன் வேலையில் பாதி முடிந்தது. 'ஃபினாமினா' முழு வடிவத்துக்கும் இதே கதைதான்.

அடுத்து சப்டைட்டிலைச் சோதியுங்கள். இத்தாலிய ஒலிக்கு இத்தாலிய வசனத்திலிருந்தே மொழிபெயர்த்த சப்டைட்டில் வேண்டும். சில டிஸ்க்குகளில் ஆங்கில டப்பிங்கைக் கேட்டு எழுதியதையே இத்தாலிய ஒலிக்கும் போட்டுவிடுவார்கள். டப்பிங் எழுத்தாளர் உதட்டுக்குப் பொருத்துவதற்காக வசனத்தை மாற்றியிருப்பார்; மர்மக் கதையில் ஒரு வசனம் மாறினால் துப்பே மாறிப்போகும். பாத்திரம் பேசாமல் இருக்கும்போது கீழே எழுத்து ஓடினாலோ, நீளமாகப் பேசும்போது இரண்டு வார்த்தை மட்டும் வந்தாலோ அந்த ஆள்மாறாட்டம்தான்.

இந்தப் படங்களுக்கு அசல் ஒலி பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. பின்னாளில் அதை 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலியாக ஆக்கியவர்கள் புதிய சத்தங்களைச் சேர்த்திருப்பார்கள். மோனோ இல்லாத டிஸ்க்கை நான் இரண்டாம் தரமாகவே வைப்பேன். பால் வேகத்தில் ஒலியும் ஏறும்: கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் முக்கால் பங்கு. 'டீப் ரெட்' படத்துக்கு இசையமைத்த காப்ளின் குழுவின் இசையை ஆல்பத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே உறுத்தும்.

திரையில் தெரியும் எழுத்தையும் பாருங்கள். கடிதம், செய்தித்தாள், புத்தகப் பக்கம் போன்ற குளோசப்களை மொழிவாரியாகத் தனித்தனியே எடுப்பது வழக்கம். 'டெனெப்ரே' (1982) தொடக்கத்தில் ஒரு கை புத்தகத்தைப் புரட்டும். அந்தப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதே எந்த நெகட்டிவிலிருந்து வந்தது என்பதற்குத் துப்பு.

படி 5: சட்டகமும் நிறமும்

விஎச்எஸ் காலத்தில் அகலப் படத்தின் இரண்டு ஓரங்களையும் நறுக்கி டிவிக்குப் பொருத்தினார்கள். ஜாலோவில் இது சாதாரணக் குற்றம் இல்லை. 'டீப் ரெட்' முதல் கொலைக்குப் பிறகு மார்க்கஸ் ஓவியங்கள் மாட்டிய ஒரு நடைபாதையில் ஓடுவான். படத்தின் முழு முடிச்சும் அந்தச் சில விநாடியில் சட்டகத்துக்குள் என்ன இருந்தது என்பதில்தான் இருக்கிறது. பார்க்காதவர்களுக்காக அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் காட்சியை ஒவ்வொரு டிஸ்க்கிலும் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஓரம் போன பிரதியில் அர்ஜெந்தோ நமக்குக் கொடுத்த நியாயமான வாய்ப்பும் போய்விடும்.

ப்ளூ-ரே வந்த பிறகும் இந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. அர்ஜெந்தோவின் முதல் படம் 'தி பேர்ட் வித் த கிரிஸ்டல் ப்ளூமேஜ்' (1970) 2.35:1 அகலம், அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு. ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோ பின்னாளில் எல்லாப் படமும் 2:1 அளவில்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு வந்துவிட்டார். அதன்படி ஆரோ நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ப்ளூ-ரேயில் படம் 2:1-க்கு நறுக்கப்பட்டிருந்தது. 2017-இல் அதே நிறுவனம் புதிய 4கே மீட்டெடுப்பில் 2.35:1-க்குத் திரும்பியது. ஒளிப்பதிவாளர் ஒப்புதல் அளித்தது என்று அட்டையில் இருப்பதால் மட்டும் அது தியேட்டரில் ஓடிய வடிவம் ஆகிவிடாது.

நிறத்துக்கு வருவோம். இங்கேதான் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள். இத்தாலிய ஆய்வகங்களின் சில புதிய மீட்டெடுப்புகள் மஞ்சளும் பச்சையும் ஏறி இருப்பதாகப் புகார். பழைய மாஸ்டர்கள் நீலம் ஏறி இருந்தன என்று எதிர்ப்புகார். நமக்குத் தெரிந்த ஒரு வெள்ளையைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. 'பேர்ட்' படத்தில் ஓர் ஓவியக்கூடத்துக்குள் கொலை முயற்சி நடக்கும்; நாயகன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே சிக்கி, உதவ முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். கூடத்தின் சுவர்கள் வெள்ளை. அந்தச் சுவர் வெண்ணெய் நிறத்தில் தெரிந்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கிறது. சுவர் வெள்ளையாகவும் முகம் முகமாகவும் இருந்தால் நம்பலாம். 'டெனெப்ரே' முழுக்கவே வெளிச்சம் கொட்டும் வெள்ளை வீடுகளில் நடப்பதால் அதிலும் இதே சோதனை நன்றாக வேலை செய்யும்.

கிரெய்ன், அதாவது ஃபிலிமில் தெரியும் நுண்ணிய புள்ளிகள் பற்றி ஒன்று. இந்த வகைப் படங்களில் பல, டெக்னிஸ்கோப் என்ற சிக்கன முறையில் எடுத்தவை. ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் நான்கு துளைக்குப் பதில் இரண்டே துளை உயரம். ஃபிலிம் செலவு பாதி. பாதி அளவு நெகட்டிவைப் பெரிதாக்குவதால் கிரெய்ன் தடிப்பாகத்தான் தெரியும். டெக்னிஸ்கோப் படம் மழமழவென்று இருந்தால் யாரோ மென்பொருளால் தேய்த்திருக்கிறார்கள். நெற்றிச் சுருக்கமும் துணியின் நெசவும் காணாமல் போயிருக்கும். கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் இரைச்சல் ஸ்கேனரின் கோளாறு. பழைய இத்தாலிய எச்டி மாஸ்டர்களில் நிறைய உண்டு.

படி 6: ஒரே ஃபிரேமை எடுத்துப் பாருங்கள்

எம்பிவி அல்லது விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஃபிரேமைப் படமாகச் சேமிக்கலாம். பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் தானே ஒரு சுருக்கத்தைச் சேர்த்துவிடும். இரண்டு டிஸ்க்கிலும் அதே ஃபிரேம்தானா என்பதற்கு ஷாட் மாறும் இடத்தைப் பிடித்து, அதிலிருந்து ஐந்து ஃபிரேம் தள்ளி எடுங்கள். ஒரு படத்துக்கு வெளிச்சக் காட்சி ஒன்று, இருட்டு ஒன்று, முகம் ஒன்று, வேகமான அசைவு ஒன்று போதும். 4கே எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள) டிஸ்க்கிலிருந்து எடுத்த படத்தைச் சாதாரணத் திரையில் பார்த்து நிறம் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். வெளிச்சத்தை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கும்.

படி 7: விநாடி வெட்டுகள்

இருபது நிமிட வெட்டைக் கண்டுபிடிப்பது எளிது. தணிக்கையின் ஐந்து விநாடி வெட்டுதான் கையில் சிக்காது. மொத்த நீளத்தில் அது லோகோவுக்குள் மறைந்துவிடும்.

பிரிட்டனில் 'டீப் ரெட்' படத்தின் பழைய டிவிடி ஒன்றில் 11 விநாடி இல்லை: இரண்டு நாய்கள் சண்டையிடுவதும், ஊசி குத்திய ஓர் உயிருள்ள பல்லியும். மனிதர்களை எப்படிக் கொன்றாலும் விட்டுவிட்டு, பல்லியில் கத்திரி வைத்தார்கள். அந்நாட்டில் விலங்கு வதைக்குத் தனிச் சட்டம் உண்டு. 2011-இல் ஆரோ வெளியிட்டபோது அவை திரும்பி வந்தன. 'டெனெப்ரே' அங்கே 'வீடியோ நாஸ்டி' என்ற ஆட்சேபத்துக்குரிய வீடியோக்களின் பட்டியலில் சிக்கி, 1999-இல் சில விநாடி வெட்டோடு வந்து, 2003-இல்தான் முழுதாக அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதே படம் 'அன்சேன்' என்ற பெயரில் ஏறக்குறைய பத்து நிமிடம் இளைத்து ஓடியது. லூச்சியோ ஃபுல்ச்சியின் 'தி நியூயார்க் ரிப்பர்' (1982) 2011-இல் வந்த பிரிட்டிஷ் ப்ளூ-ரேயிலும் அரை நிமிட அளவு குறைவு. அந்தப் படத்துக்கு அமெரிக்காவின் ப்ளூ அண்டர்கிரவுண்ட் நிறுவன வெளியீட்டைத் தேடுங்கள்.

ஃபுல்ச்சி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய 'எ லிசர்ட் இன் எ வுமன்ஸ் ஸ்கின்' (1971) படத்தில் வயிறு பிளந்த நாய்கள் வரும் காட்சி உண்மை என்று நம்பி வழக்கே தொடுத்தார்கள். பொம்மைகளைச் செய்த கார்லோ ரம்பால்தி அவற்றை நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டியதால் ஃபுல்ச்சி தப்பினார். அந்தக் காட்சி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பது இந்தப் படத்தின் பல கட்களைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம்.

விநாடி வெட்டுகளை நீங்களே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் எந்த வெளியீட்டுக்கு வெட்டு விதித்தார்கள் என்று இருக்கும். ஜெர்மானியர்களின் 'ஷ்னிட்பெரிஷ்டே' தளம் ஷாட் ஷாட்டாகப் படம் போட்டு ஒப்பிடும். இந்த விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 'டிவிடிகம்பேர்' தளத்தில் நாடுவாரியாக டிஸ்க் விவரம் கிடைக்கும். அங்கே படித்ததை உங்கள் டிஸ்க்கில் அந்தந்த இடத்தில் மட்டும் சரிபாருங்கள்.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு: வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது. அர்ஜெந்தோவின் 'ஃபோர் ஃப்ளைஸ் ஆன் கிரே வெல்வெட்' (1971) உரிமைச் சிக்கலால் பல ஆண்டுகள் வீடியோவில் முறையாக வெளிவராமலே கிடந்தது. 2009-இல் வந்த அமெரிக்க டிவிடியில் சுமார் 40 விநாடி இல்லை. 2012-இல் பிரிட்டனின் ஷேம்லெஸ் நிறுவனம் அந்தத் துண்டுகளை மங்கலான வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. படத்தின் தரம் ஓரிரு நொடி இறங்கி ஏறினால் டிஸ்க் கெட்டதாக நினைக்க வேண்டாம், மீட்கப்பட்ட இடம் அது.

படி 8: வாங்கும் முன்

ப்ளூ-ரேக்கு உலகம் மூன்று மண்டலம். இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கா ஏ. பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பி. ஜாலோ அதிகம் வருவது ஏ, பி இரண்டிலும்தான். சென்னையில் வாங்கிய சாதாரண பிளேயரில் பி மட்டும் என்று பூட்டிய பிரிட்டிஷ் டிஸ்க் ஓடாது. 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து டிஸ்க்கின் விலையையே எட்டிவிடும் என்பதால் ஒரே படத்துக்கு மூன்று வெளியீடு வாங்குவது பணக்காரப் பைத்தியம். எல்லா கட்டும் ஒரே பெட்டியில் வரும் வெளியீடாகப் பாருங்கள். 'ஃபினாமினா'வின் மூன்று கட்டும் அமெரிக்காவில் சினாப்ஸ், பிரிட்டனில் ஆரோ இருவரிடமும் ஒன்றாக வந்திருக்கின்றன. 'டீப் ரெட்' படத்தின் இரண்டு கட்டும் ஆரோவின் 2016 பெட்டியில் உண்டு.

எதை முதலில் பார்ப்பது?

நீளமானதே சிறந்தது என்று விதி எதுவும் இல்லை. 'டீப் ரெட்' 127 நிமிடம், இத்தாலிய ஒலியில். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 'டெனெப்ரே' 101 நிமிட முழு வடிவம். வீட்டுச் சுவரை ஒட்டிக் கூரை ஏறி மறுபக்கம் இறங்கும் அந்த நெடிய கிரேன் ஷாட்டைக் குறைத்துப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். 'ஃபினாமினா' மட்டும் முதல் முறைக்கு 110 நிமிட கட் போதும். ஜெனிஃபர் கானலியும் டொனால்ட் ப்ளெசன்ஸும் ஆங்கிலத்தில் பேசி நடித்த படம். அந்த கட்டில் மொழி நடுவில் தாவாது, கூடுதல் ஆறு நிமிடத்தில் தவறவிடக்கூடாதது என்று எதுவும் இல்லை. 'கிரீப்பர்ஸ்' ஆராய்ச்சிக்கு மட்டும்.

மாரியோ பாவாவின் 'தி கேர்ள் ஹூ நியூ டூ மச்' (1963) படத்துக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. பலர் முதல் ஜாலோ என்று சொல்லும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அமெரிக்காவுக்கு 'தி ஈவில் ஐ' என்று போனபோது ஆறு நிமிடம் போல நீண்டது. ரொபெர்த்தோ நிக்கொலோசியின் இசை போய் லெஸ் பாக்ஸ்டரின் இசை வந்தது. நாயகி பார்த்தது கஞ்சா சிகரெட்டின் மயக்கமோ என்ற சந்தேகம் போனது, காமெடி கூடியது, முடிவும் வேறு. இத்தாலிய வடிவம் இறுக்கம், அமெரிக்க வடிவம் கலகலப்பு. ஆரோவின் 2014 பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. இத்தாலிய வடிவத்தை முதலில் பாருங்கள், சில நாள் கழித்து மற்றதை. இதற்கு எக்செல் தாள் வேண்டாம்.